புறணியை விட்டவகிட்ட எல்லாரும் கேக்கிற கேள்விங்க

ஒன்றரை வருஷமா நான் புறணி பேசுறதைக் குறைச்சுக்கிட்டேன். விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன், குறைச்சுக்கிட்டேன். இது தெரிஞ்சதுல இருந்து ஆபீஸ்லயும் அபார்ட்மென்ட்லயும் சொந்தக்காரங்க வீட்டுலயும் ஆளாளுக்கு அதே கேள்விங்கதான், சில பேர் நெசமாவே தெரிஞ்சுக்கக் கேக்கிறாங்க, சில பேர் நக்கலுக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் மனநல டாக்டரும் இல்ல, சாமியாரிணியும் இல்ல, ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கிறவ. அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தே, திடீர்னு என்ன ஆச்சு?

பாயசம் ஆச்சு. எங்க அபார்ட்மென்ட்ல மொத்தம் 24 வீடு. மூணாவது மாடில புதுசா வீடு வாங்கினவங்க கிரகப்பிரவேசம் வெச்சாங்க, எல்லாரையும் வீடு வீடா வந்து கூப்பிட்டாங்க, நானும் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சு செருப்பைக் கூட கழட்டல, என் ஃப்ரெண்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். "பாயசத்துல முந்திரியைத் தேட டார்ச் லைட் எடுத்துட்டுப் போயிருக்கணும்டி, இவ்ளோ பெரிய வீடு வாங்கத் தெரியுது கால் கிலோ முந்திரி வாங்கத் தெரியல"ன்னு ஒரு 40 செகண்ட், நடுநடுவுல என் சிரிப்பு வேற. அது ஃப்ரெண்டுக்குப் போகல. அபார்ட்மென்ட் குரூப்புக்குப் போச்சு. நான் கவனிச்சு எல்லாருக்கும் அழியிற மாதிரி டெலீட் பண்றதுக்குள்ள ஒம்பது பேர் கேட்டாச்சு.

மறுநாள் லிஃப்ட்ல அந்தப் பொண்ணு. என்னைவிட பத்து வயசாவது சின்னவ. "அக்கா, அடுத்த தடவை முந்திரி ஜாஸ்தி போடச் சொல்றேன்க்கா"ன்னா. குத்திக்காட்டுற மாதிரி சொல்லியிருந்தா நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லித் தப்பிச்சிருப்பேன். அவ நெசமாவே சொன்னா. கீழ வர்ற வரைக்கும் நான் லிஃப்ட் பட்டனையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அப்போ அங்க இல்லாத ஒருத்தரைப் பத்திப் பேசவே கூடாதா? அப்புறம் என்னத்தைத்தான் பேசுறது?

பேசலாம். பேசாம மனுஷனால இருக்க முடியாது. 2019ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல மேகன் ராபின்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 467 பேரோட அன்றாடப் பேச்சுத் துணுக்குகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அந்த 467 பேரும் ஒரு சின்ன ரெக்கார்டரை மாட்டிக்கிட்டு அவங்க பாட்டுக்கு வேலையைப் பாத்தவங்க. சராசரியா ஒரு நாளைக்கு 52 நிமிஷம் பக்கத்துல இல்லாத ஆளைப் பத்தின பேச்சு. அதுல முக்கால்வாசி நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, "அவன் ஊருக்குப் போயிருக்கான், இவளுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்திருக்கு" ரகம். மிச்சம் இருக்கிறதுல திட்டு, பாராட்டைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இன்னொண்ணு, பொம்பளைங்கதான் புறணி பேசுவாங்கன்னு சொல்ற ஆம்பளைங்க கவனிக்க: பொம்பளைங்க ஜாஸ்தி பேசினது அந்த நல்லதும் கெட்டதும் இல்லாத ரகம் மட்டும்தான். குறை சொல்றதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

ஆக, பக்கத்துல இல்லாத ஆளைப் பத்திப் பேசுறது எல்லாமே புறணி ஆகாது. நான் வெச்சிருக்கிற அளவு ஒண்ணே ஒண்ணு. நான் பேசிக்கிட்டு இருக்கும்போது அந்த ஆளே கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்தா நான் வாக்கியத்தை முடிப்பேனா, இல்ல "வாங்க வாங்க, இப்பதான் உங்களை நெனச்சோம், நூறு வயசு"ன்னு வழிவேனா? முடிப்பேன்னா பேசலாம். வழிவேன்னா அது புறணி. வள்ளுவர் புறங்கூறாமைன்னு 19வது அதிகாரமே வெச்சிருக்கார், அதுல 184வது குறள்ல முகத்துக்கு நேரா ஈவு இரக்கமில்லாம சொன்னாக்கூட சொல்லு, ஆள் இல்லாதப்போ பின்விளைவு யோசிக்காம சொல்லாதேங்கிறார். படிக்கிற காலத்துல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினது, லிஃப்ட்ல நிக்கும்போதுதான் புரிஞ்சுது. இனிமையா பேசுன்னு மட்டும் அவர் சொல்லல பாருங்க, சேர வேண்டிய காதுக்கு நேரா சொல்லுன்னும் சொல்றாரு. எனக்கு இந்த விஷயத்துல தெரிஞ்ச எல்லாமே இந்தக் காது கணக்குதான்.

நடந்ததைத்தானே சொல்றேன், நான் என்ன பொய்யா சொல்றேன்?

இது எங்க சித்தி கேக்கிற கேள்வி. பொய் சொல்றதில்லதான், ஆனா கண்ணு காது மூக்கு எல்லாம் வெச்சு சொல்வாங்க.

நெசமாவே இருந்தாலும், அது யாரோட விஷயம்னு ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் புள்ளை உண்டானா மூணு மாசம் முடியிற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டாங்க. ஏன்? நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா ஊருக்கெல்லாம் போய் மறுபடி சொல்லணும், அந்தக் கஷ்டத்துக்குத்தான். அதை நான் முந்திக்கிட்டு நாலு பேருக்குச் சொல்லிட்டேன்னு வெச்சுக்கோங்க, சொன்னது நெசம்தான், ஆனா சொல்ற உரிமை என்னுது இல்லயே. வேலை போனது, பொண்ணு பாக்க வந்தவங்க வேணாம்னு போனது, புருஷன் பொண்டாட்டி தனித்தனியா இருக்கிறது எல்லாமே இப்படித்தான், அவங்கவங்க வாயில இருந்து எப்போ வரணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும்.

கொட்டித் தீர்த்தாத்தானே மனசு லேசாகும்? உள்ளயே வெச்சுக்கிட்டா வியாதி வராதா?

நானும் பல வருஷம் இதை நம்பினேன், பிரஷர் குக்கர் மாதிரி விசிலடிச்சா ஆவி போயிடும்னு. அப்படி இல்லயாம். 2002ல ப்ராட் புஷ்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சோதனை செஞ்சார். சுமார் 600 காலேஜ் பசங்களை முதல்ல நல்லா கோவப்படுத்திட்டாங்க. ஒரு கூட்டம், கோவப்படுத்தின ஆளையே நெனச்சுக்கிட்டு பாக்ஸிங் பண்றவங்க குத்திப் பழகுற மூட்டையைக் குத்தணும். இன்னொரு கூட்டம், உடம்புக்கு நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு குத்தணும். மூணாவது கூட்டம் ஒண்ணுமே செய்யாம சும்மா உக்காந்திருக்கணும். கடைசில அதிகமா கோவம் மிச்சமிருந்தது ஆளை நெனச்சுக் குத்தினவங்களுக்குத்தான், சும்மா இருந்தவங்க அவங்களைவிட அமைதியா இருந்தாங்க. அதே மாதிரி, அதே வருஷம் அமாண்டா ரோஸ்னு ஒருத்தங்க ஸ்கூல் புள்ளைங்களை வெச்சுப் பாத்ததுல, ஒரே பிரச்சினையை ஃப்ரெண்டுங்க திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அரைச்சுக்கிட்டே இருந்தா நட்பும் கெட்டியா இருக்கு, கூடவே கவலையும் சோர்வும் ஜாஸ்தியா இருக்குன்னு வந்துச்சு. இதைப் படிச்சப்போ எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் பத்து வருஷமா மதியம் ஒண்ணரை மணிக்கு நடக்கிற போன் கால்தான் ஞாபகம் வந்துச்சு, ஒரே நாத்தனார், ஒரே மேனேஜர், வருஷம் மட்டும் மாறும்.

ஆனா இதுக்காக மனசுல இருக்கிறதை யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் சொல்லல, அது பெரிய தப்பு. சொல்றதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, "எனக்கு இப்படி இருக்கு, என்ன பண்றதுன்னு தெரியல"ன்னு சொல்றது, அது என்னைப் பத்தினது. இன்னொண்ணு, "அவ எப்படிப்பட்டவ தெரியுமா"ன்னு ஆரம்பிக்கிறது, அது அவளைப் பத்தினது, அதுக்கு முடிவே கிடையாது. இப்போ நானும் என் ஃப்ரெண்டும் ஒரு பழக்கம் வெச்சிருக்கோம், யார் போன் பண்ணினாலும் எடுத்தவங்க முதல்ல, "கேட்டா மட்டும் போதுமா, இல்ல வழி எதாவது சொல்லட்டுமா?"ன்னு கேப்போம். அந்த ஒரு கேள்விலயே பாதி நாள் புலம்பல் சுருங்கிடுது. அதையும் தாண்டி ராத்திரி தூக்கமே வரலன்னா 14416ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர் இருக்கு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஃப்ரெண்டோட காதைவிட அந்தக் காது சில நேரம் சரியான காது.

அப்போ தப்பு நடந்தாலும் வாயை மூடிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இருக்கணுமா?

இல்லவே இல்ல, இங்கதான் "பாசிட்டிவா பேசுங்க"ன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவமே. நல்லதையே பேசு நல்லதையே பேசுன்னு சொல்லிச் சொல்லியே நம்ம வீடுகள்ல எத்தனையோ பொண்ணுங்க வாயை மூடி வெச்சிருக்காங்க. புருஷன் அடிக்கிறான்னு சொன்னா "வீட்டு விஷயத்தை வெளிய சொல்லாதேம்மா"ங்கிறது. ஆபீஸ்ல ஒருத்தன் தப்பா நடந்துக்கிறான்னா "எதுக்குப் பொரளி பண்றே"ங்கிறது. அது புறணி கிடையாது. அது புகார். புகாருக்குன்னு காதுகள் இருக்கு, அங்க போய் சேரணும்.

சொல்றேன் கேட்டுக்கோங்க. வேலை செய்யிற இடத்துல பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லைக்கு 2013லயே சட்டம் வந்தாச்சு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற எந்த இடத்துலயும் உள்ளகக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், அதுக்குத் தலைவர் ஒரு பெண்ணாத்தான் இருக்கணும். நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், தக்க காரணம் இருந்தா குழு இன்னும் மூணு மாசம் வரைக்கும் ஒத்துக்கலாம். பத்து பேர் இல்லாத சின்ன இடம்னா மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்கு. புகார் குடுத்தவங்க யாருன்னு வெளிய விடக்கூடாதுங்கிறதும் அந்தச் சட்டத்துலயே இருக்கு, அதாவது புகாரை ரகசியமா வெச்சுக்கோ, அதை புறணியா ஆக்காதேன்னு சட்டமே சொல்லுது. வீட்டுல அடி உதைன்னா 181க்கு போன் போடுங்க. குழந்தைக்கு எதுனான்னா 1098.

ஒரு விஷயம் மட்டும் தனியாச் சொல்லணும். புதுசா சேர்ந்த பொண்ணுகிட்ட "அந்த ஆளோட தனியா கார்ல போகாதேம்மா"ன்னு காதுல போட்டு வைக்கிறோம்ல, அதைப் புறணின்னு நெனச்சுக்கிட்டு நிறுத்திடாதீங்க. அது எச்சரிக்கை, அவ காதுக்குத்தான் அது போகணும்.

சின்னச் சின்னக் குறைக்கும் இதே கணக்குதான். தண்ணி லாரி வரலன்னு நான் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒரு மணி நேரம் புலம்பினா லாரி வராது. செக்ரட்டரிக்கு ரெண்டு வரி அனுப்பினா வரலாம். வராமலும் போகலாம், அது வேற கதை.

ஆபீஸ்ல லன்ச் டைம்ல எல்லாரும் பேசும்போது நான் மட்டும் எழுந்து போக முடியுமா?

எழுந்து போகாதீங்க, அப்புறம் அடுத்த டாபிக் நீங்கதான்.

டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுக்கிட்டு பிரசங்கமும் பண்ணாதீங்க. நான் முதல் வாரம் பண்ணினேன், "ஏன் அவங்களைப் பத்திப் பேசுறீங்க, பாவம்"ன்னு. எனக்கு அன்னை தெரசான்னு பேர் வெச்சதுதான் மிச்சம். அதுக்கப்புறம் கண்டுபிடிச்சது, சும்மா "ம்" கொட்டாம இருந்தாலே போதும். புறணிங்கிறது ரெண்டு பேர் இழுக்கிற ரம்பம் மாதிரி, இந்தப் பக்கம் இழுக்க ஆள் இல்லன்னா அது அறுக்காது. "அப்படியா, எனக்குத் தெரியாதே"ன்னு சொல்லிட்டு "இது என்ன வெண்டைக்காயா, வழவழன்னே இல்லயே எப்படிப் பண்ணினே?"ன்னு கேட்டுப் பாருங்க, நூத்துக்கு தொண்ணூறு பேர் வெண்டைக்காய்க்கு வந்துடுவாங்க. சமையல் பத்திக் கேட்டா யாருக்கும் பதில் சொல்லாம இருக்க முடியாது. இன்னொரு வழி, திட்டிக்கிட்டு இருக்கிற ஆளைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல விஷயத்தை, சண்டைக்கு இல்லாம, போற போக்குல விடுறது. "ஆமா, கொஞ்சம் படபடன்னுதான் பேசுவார், ஆனா ஆடிட் அன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் என்கூட உக்காந்திருந்தார்." சபை ஒரு நிமிஷம் அமைதியாகும். அப்புறம் வேற ஆளுக்குப் போயிடும், அது வேற விஷயம்.

இதுல எனக்கு பயம் வர வெச்சது ஒரு ஆராய்ச்சி. 1998ல ஜான் ஸ்கோவ்ரான்ஸ்கியும் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்சது: நாம ஒருத்தரைப் பத்தி "அவன் கஞ்சன்"னு சொல்றோம்னா, கேக்கிறவங்க மூளை அந்தக் கஞ்சத்தனத்தைக் கொஞ்சம் நம்ம மேலயும் ஒட்டி வெச்சுடுதாம், அவங்களுக்கே தெரியாம. எங்க மாடி மாமிகிட்ட ரொம்ப நாள் கழிச்சு இதைச் சொன்னப்போ, "அன்னைக்கு உன் மெசேஜைக் கேட்டுட்டு நான் அவளை ஒண்ணும் நெனைக்கலடி, முந்திரிக்கு இப்படி அலையறாளேன்னு உன்னைத்தான் நெனச்சேன்"னாங்க. அமெரிக்கா வரைக்கும் போகவே வேண்டாம்.

மாமியார் போன்ல ஒரு மணி நேரம் எல்லாரையும் குறை சொல்றாங்க. பெரியவங்க, எதுத்துப் பேச முடியாது. என்ன பண்றது?

எங்க அத்தையும் அப்படித்தான், 74 வயசு, ஊர்ல தனியா இருக்காங்க. ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, அவங்களுக்குக் குறை சொல்லணும்னு ஆசை இல்ல, போனை வெச்சுடக்கூடாதுன்னு ஆசை. "சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை" ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டா அப்புறம் பேச என்ன இருக்கு? மூத்த மருமகளைத் திட்டினாத்தான் நான் லைன்ல இருப்பேன். அதனால இப்போ நானே வேற விஷயம் எடுத்துக் குடுக்கிறேன். "அத்தை, நீங்க கல்யாணமாகி வந்தப்போ அந்த வீட்டுல எத்தனை மாடு இருந்துச்சு?"ன்னு ஒரு நாள் கேட்டேன், முக்கால் மணி நேரம் மாட்டுப் பேரே சொன்னாங்க. அன்னைக்கு மூத்த மருமகளுக்கு லீவு.

எப்பவுமே இது வேலை செய்யும்னு இல்ல. சில நாள் திட்டத்தான் செய்வாங்க, கேட்டுக்குவேன். ஆனா கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கடத்துறது இல்ல, கோள் மூட்டுறதுன்னு சொல்றது அதைத்தான், அங்க சொன்னதை இங்க சொல்றது. நூறு குடும்பச் சண்டையை எடுத்துப் பாருங்க, சொன்னவங்களால வந்ததைவிட "அவங்க உன்னை இப்படிச் சொன்னாங்க"ன்னு வந்து சொன்னவங்களால வந்ததுதான் ஜாஸ்தி இருக்கும்.

குடும்ப வாட்ஸப் குரூப்ல வர்றதை ஃபார்வர்ட் பண்றதுல என்ன தப்பு? நாலு பேர் உஷாரா இருக்கட்டுமேன்னுதானே?

2018 மே மாசம் ஞாபகம் இருக்கா? குழந்தை கடத்துற கும்பல் வந்திருக்குன்னு தமிழ்நாடு பூரா வாட்ஸப்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு. சென்னைல இருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்குப் போச்சு, வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. அதைப் பாத்துட்டு கடத்தல்காரங்கன்னு ஊரே சேர்ந்து அடிச்சதுல 60 வயசு தாண்டின ஒரு அம்மா செத்தே போயிட்டாங்க. அந்த மெசேஜை அனுப்பின ஒவ்வொருத்தரும் நாலு பேர் உஷாரா இருக்கட்டும்னுதான் அனுப்பியிருப்பாங்க, நானும் அதுல ரெண்டு அனுப்பியிருக்கேன், இப்போ நெனச்சாலும் வயித்தைப் பிசையுது. நாட்டுல பல இடத்துல இப்படி நடந்ததுக்கு அப்புறம்தான் அந்த ஜூலைல, இந்தியாவுல ஒரு தடவைக்கு 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு வாட்ஸப் கொண்டு வந்துச்சு. 2020 ஏப்ரல்ல, ஏற்கனவே நிறைய கை மாறி வந்ததை ஒரு நேரத்துக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்னு இன்னும் இறுக்கினாங்க. ரெட்டை அம்புக்குறி போட்டு வருதே, அதுதான்.

நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாதும்பாங்க எங்க பாட்டி. அவங்க காலத்துல கொட்டினது ஒரு தெருவுக்குள்ள கிடந்துச்சு.

21 நாள் குறையே சொல்லாம இருக்கிற சவால்னு ஒண்ணு இருக்காமே, செஞ்சு பாத்தியா?

பாத்தேன். 2006ல அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டில வில் போவன்னு ஒரு பாதிரியார் ஆரம்பிச்சது. கைல ஒரு ஊதா வளையம் போட்டுக்கணும், குறை சொன்னாலோ புறணி பேசினாலோ வளையத்தைக் கழட்டி அடுத்த கைக்கு மாத்தணும், நாள் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும், தொடர்ந்து 21 நாள் ஒரே கைல இருக்கணும். மனசுல நெனைக்கலாம், வாயில வந்தாத்தான் கணக்கு. நான் பூக்காரம்மா குடுத்த ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டேன்.

முதல் நாள் காலைல ஏழு மணில இருந்து எட்டு மணிக்குள்ள பதினோரு தடவை மாத்தினேன். பால் பாக்கெட் லீக், வெயில், புள்ளை ஷூவைத் தேடுறான், வேன் லேட், மறுபடி வெயில். வெயிலைத் திட்டினா என்ன மாறப் போகுதுன்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல. சாயந்தரத்துக்குள்ள ரப்பர் பேண்ட் அறுந்தே போச்சு. 21 நாள் நான் தொடவே இல்லீங்க, என்னோட ரெக்கார்டு 6 நாள், அதுலயும் ரெண்டு நாள் தொண்டை கட்டியிருந்துச்சு. ஆனா செஞ்சு பாருங்க, ஒரு வாரம் போதும், எதை எதைப் பத்தி வாய் தானா ஓடுதுன்னு தெரிஞ்சுடும்.

ஒருத்தரை நேர்லயே புகழ்ந்தா சோப்பு போடுற மாதிரி இருக்கே? கண்ணு பட்டுடும்னு வேற சொல்வாங்களே?

இதுலதான் நம்ம ஆளுங்க உலக சாம்பியன். புள்ளை நல்லா படிக்கிறான்னு அப்பா ஆபீஸ் பூரா சொல்வாரு, புள்ளைகிட்ட சொல்ல மாட்டாரு, தலைக்கனம் ஏறிடுமாம். மருமக வைக்கிற வத்தக்குழம்பு மாதிரி வராதுன்னு மாமியார் பொண்ணுகிட்ட போன்ல சொல்வாங்க, மருமக காதுல "உப்பு ஒரு கல்லு கம்மி" மட்டும்தான் விழும். எங்கப்பா தவறினப்போ துக்கம் கேக்க வந்த அவரோட ஃப்ரெண்டுதான் சொன்னாரு, "நீ சி.ஏ. இன்டர் பாஸ் பண்ணினப்போ டீக்கடைல எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தாம்மா உங்கப்பன்"னு. எனக்கு அப்போ 38 வயசு. பாஸ் பண்ணின அன்னைக்கு வீட்டுல அவர் என்கிட்ட சொன்னது "சரி, அடுத்ததுக்குப் படி".

புறணி எப்படி தப்பான காதுக்குப் போகுதோ அதே மாதிரி பாராட்டும் தப்பான காதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கு. சோப்புக்கும் பாராட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. "நீங்க ரொம்ப கிரேட் சார்"னா சோப்பு, அப்ரைசல் மாசத்துல சொன்னா டபுள் சோப்பு. "நேத்து அந்தக் கஸ்டமர் கத்தும்போது நீங்க குரலே உசத்தல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்"னா அது பாராட்டு, ஏன்னா நீங்க நெசமாவே பாத்திருந்தாத்தான் அதைச் சொல்ல முடியும். கண்ணு பட்டுடும்னு பயமா இருந்தா சொல்லிட்டு சுத்திப் போட்டுடுங்க, உப்பு மிளகாய் என்ன விலை வித்துடப் போகுது.

குழந்தைங்க முன்னாடி பேசலாமா?

டீச்சரைப் பத்தி மட்டும் பேசவே பேசாதீங்க, அப்படியே போய் சொல்லிடும். அனுபவம்.

சீரியல்ல வர்ற வில்லியைத் திட்டினா?

தாராளமா. அதுக்குத்தானே அவங்களுக்கு சம்பளம். ஆனா அந்த நடிகையோட சொந்த வாழ்க்கைக்குப் போனீங்கன்னா ரப்பர் பேண்டை மாத்துங்க.

நம்மளைப் பத்தி மத்தவங்க பேசுறாங்கன்னு தெரிஞ்சா?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பேசினது யாருன்னு தேடுறதைவிட அதை என்கிட்ட வந்து சொன்னது யாரு, ஏன்னு பாக்கிறேன் இப்பல்லாம். வேலைக்கோ பேருக்கோ கெடுதல் வர்ற மாதிரி இருந்தா மட்டும் நேராப் போய், தனியா, "நீங்க இப்படிச் சொன்னதா கேள்விப்பட்டேன், என்கிட்டயே கேட்டிருக்கலாமே"ன்னு ஒரே வரி. பத்துல எட்டு பேர் "ஐயோ நான் அப்படிச் சொல்லவே இல்ல"ம்பாங்க. பரவால்ல, விஷயம் போய் சேர்ந்துடுச்சு.

பேசினது பேசியாச்சு, மன்னிப்பு கேக்கணுமா? அந்தப் பொண்ணுகிட்ட நீ கேட்டியா?

அவங்க காதுக்கே போகாத புறணிக்கு, போய் "உன்னைப் பத்தி நான் இப்படிப் பேசினேன், மன்னிச்சுடு"ன்னு நிக்காதீங்க, நம்ம பாரத்தை இறக்க அவங்க தலைல புதுசா ஒரு பாரம் ஏத்துற மாதிரி. யாருகிட்ட பேசினோமோ அவங்ககிட்ட போய் "அன்னைக்கு நான் சொன்னது தப்பு"ன்னு சொன்னா போதும். காதுக்குப் போயிட்டா கேட்டுத்தான் ஆகணும்.

நான் உடனே கேக்கல. வெக்கம். லிஃப்டை விட்டுட்டு படில ஏறி இறங்கி எட்டு மாசம் ஓட்டினேன், முட்டி வலி வந்ததுதான் மிச்சம். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நானே பால் பாயசம் வெச்சு ஒரு தூக்குல எடுத்துக்கிட்டு மூணாவது மாடிக்குப் போனேன். என்னென்னமோ யோசிச்சு வெச்சிருந்தேன், அவ கதவைத் திறந்ததும் "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா, ரொம்பத் தப்பு"ன்னு அவ்ளோதான் வந்துச்சு. அவ தூக்கை வாங்கி மூடியைத் திறந்து பாத்தா. மேல பூரா முந்திரி, எனக்கே கொஞ்சம் ஓவராத்தான் தெரிஞ்சுது. அவ சிரிச்சுட்டா.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா, சமையல்காரர் குடுத்த லிஸ்ட்படி ஒண்ணரை கிலோ முந்திரி வாங்கிக் குடுத்தோம்க்கா. உங்க மெசேஜைக் கேட்டப்புறம்தான் அதெல்லாம் எங்க போச்சுன்னு யோசிச்சோம், அதுக்குள்ள அவருக்கு முழுப் பணமும் குடுத்து அனுப்பியாச்சு. நீங்க பந்தியில இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டு சொல்லியிருந்தீங்கன்னா பிடிச்சிருப்பேன்."